வளவில்லாத வீட்டுக்காரரின் மின்சாரக் கார்

சாய்ந்தமருதில் என் சகோதரியின் மகன் பழைய நிசான் லீஃப் கார் ஒன்றை வாங்கும்போது விலை, பற்றரி, வரி எல்லாம் விசாரித்தார். எங்கே நிறுத்திச் சார்ஜ் ஏற்றுவது என்று மட்டும் யோசிக்கவில்லை. வியாபாரப் பக்கம் எழுதுகின்ற நானும் கேட்கவில்லை. வீட்டு மதிலும் ஒழுங்கையும் ஒட்டி நிற்கின்றன. மாடி ஜன்னலால் வயரை இறக்கி ஒழுங்கைக்குக் குறுக்கே போட்டார். மூன்றாம் நாள் இரவு, மழைக்குள் வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று அதில் சிக்கி விழுந்தது. வந்தவருக்குச் சிராய்ப்புடன் போயிற்று, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வயரின் தோல் உரிந்திருந்தது.

மருமகனின் பிரச்சினை இனிப் பலருடைய பிரச்சினையாகும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. 2022 இன் எரிபொருள் வரிசையை மறக்காதவர்கள் மின்சாரக் காரை விசாரிக்கிறார்கள். நமது ஊர்களோ கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடப்பவை. சுனாமிக்குப் பின் எழுந்த தொடர்மாடிகளில் இருப்பவர்களுக்கு வளவு என்ற பேச்சே இல்லை.

"பிரதான வீதியில் ஒரு பெரிய சார்ஜ் நிலையம் வந்தால் போதும்" என்று பலர் சொல்கின்றனர். எனக்கு உடன்பாடில்லை. விரைவு இயந்திரத்துக்கு முதலீடு அதிகம், பிளக்கிலும் சிக்கல். பழைய லீஃபின் விரைவு பிளக் வேறு, புதிதாக வரும் கார்களின் பிளக் வேறு. சாதாரண 13 அம்பியர் பிளக்கில் இந்தத் தொல்லை இல்லை. காருடன் வரும் கையடக்கச் சார்ஜரைச் சொருகினால் போதும்.

அது மெதுவானதுதான். ஆனால் கணக்குப் பாருங்கள். 230 வோல்ட், 10 அம்பியர் என்றால் மணிக்கு 2.3 யூனிட். சிறிய கார் 100 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 15 யூனிட் குடிக்கும். கல்முனையிலிருந்து அம்பாறைக்கு வேலைக்குப் போய் வர 50, 60 கிலோமீற்றர். எட்டு ஒன்பது யூனிட். நான்கு மணி நேரம் பிளக்கில் நின்றால் போதும். காரோ ஒரு நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் சும்மா நிற்கிறது!

எனவே நமக்குத் தேவை நிற்கும் இடத்தில் ஒரு பிளக். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டரில் தெருவிளக்குக் கம்பங்களிலேயே சார்ஜ் வைத்திருக்கிறார்கள். அங்கே வீட்டு வாசலில் கார் நிறுத்த இடமில்லாதவர்கள் ஏராளம். எல்ஈடி விளக்குக்கு மாறியதில் மிஞ்சிய மின்சாரம் அதற்கு உதவியது. இங்கே விளக்கு மாநகர சபையினுடையது, அது தொங்கும் கம்பமோ மின்சாரத் துறையினுடையது. இரண்டும் ஒரு மேசைக்கு வரும்வரை காத்திருக்க முடியாது.

முற்றம் உள்ள கடைக்காரர், அரிசி ஆலைக்காரர், பள்ளிவாசல் நிர்வாகம், பாடசாலை, இவர்கள்தான் தொடங்க வேண்டியவர்கள். 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு ஏறக்குறைய 7 கிலோவோட் தாங்கும். கடையின் குளிர்சாதனப் பெட்டியையும் விளக்கையும் கழித்தால் இரண்டு கார்தான். மும்முனை இணைப்பென்றால் ஏழெட்டுக் கார். ஒவ்வொரு பிளக்குக்கும் தனி மீற்றர், தனி ட்ரிப் சுவிட்ச், ஒழுங்கான ஏர்த் கட்டாயம். கடற்காற்று பித்தளையைத் தின்னும் ஊர் இது, மூடியுள்ள பிளக்கையே வாங்குங்கள். பணத்தை மணிக்கணக்கில் வாங்காதீர்கள், யூனிட் கணக்கில் வாங்குங்கள். ஒரே நேரத்தில் எல்லாக் காரும் ஒரே அளவு ஏற்றுவதில்லை. மின்சாரத்தை விற்க அனுமதியும் கட்டண வகையும் உண்டு, பிரதேச மின்சாரக் காரியாலயத்தில் கேட்காமல் தொடங்கக் கூடாது.

நேரமும் முக்கியம். நேரத்துக்கேற்ற கட்டணத்தில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை விலை உச்சம், 10.30 முதல் அதிகாலை 5.30 வரை மிகக் குறைவு. மறுபுறம், 2025 ஏப்ரல் விடுமுறையில் பகல் மின்சாரம் மிஞ்சியதால் கூரைச் சூரிய மின் தகடுகளை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. கூரையில் தகடு போட்ட வியாபாரிக்குப் பகலில் முற்றத்தில் நிற்கும் கார்தான் நல்ல வாடிக்கையாளர்.

மருமகன் இப்போது என் மச்சானின் அரிசிக் களஞ்சிய முற்றத்தில் இரவில் காரை விடுகிறார். மீற்றரைப் பார்த்து மாத பில்லில் தன் பங்கைக் கொடுக்கிறார். பக்கத்து வங்கி ஊழியர் ஒருவர் பகலில் அந்தப் பிளக் சும்மாதானே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். மச்சான் மும்முனை இணைப்புக்கு விண்ணப்பப் படிவம் எடுத்து வந்திருக்கிறார்.