வினாவும் விடையும்

வினா அறிவின் வாயில். வாயில் இல்லாத மாளிகை எத்துணை அழகியதாயினும் எவர்க்கும் பயன்படாது. அதுபோலவே, வினவ அறியாத உள்ளம் எத்துணைக் கூரியதாயினும் கல்வியைத் தன்னுள் புகவிடாது. இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். இக்காலத்து மக்களோ வினாவையும் விடையையும் கண்டு களிக்கும் விளையாட்டாகவும் ஆக்கிக்கொண்டனர். தொலைக்காட்சியில் நிகழும் வினாடி வினா அத்தகையதோர் விளையாட்டாகும்.

காஞ்சி மாநகரில் பட்டு நெய்வோர் வாழும் தெருக்களில் பகலெல்லாம் ஒலித்த தறியின் ஓசை மாலையில் அடங்கும். அதன்பின் முதியோரும் சிறாரும் ஒருங்கிருந்து தொலைக்காட்சியைக் காண்பர். நடத்துநர் ஒரு வினாவை விடுத்து நான்கு விடைகளைத் திரையில் காட்டுவார். எதிரில் அமர்ந்தவர் விடை தேர்ந்து கூறுமுன், வீட்டிலுள்ள சிறுமி ஒருத்தி முந்திக்கொண்டு கூறிவிடுவாள். அவ்விடை சரியாயின் வீடு முழுவதும் மகிழும். கல்வியைப் பொழுதுபோக்காக்கிய இவ்விளையாட்டு இவ்வகையில் நன்மையே செய்கின்றது.

இந்நாளில் பெருவழக்காயுள்ள வடிவம் இங்கிலாந்து நாட்டில் 1998ஆம் ஆண்டில் தோன்றியது. 2000ஆம் ஆண்டில் அது இந்தியாவிற்கு வந்தது. இந்தி மொழியில் அமிதாப் பச்சன் நடத்த நாடெங்கும் புகழ் பெற்றது. அதனையடுத்துத் தமிழில் ‘கோடீசுவரன்’ என்னும் பெயருடன் சரத்குமார் நடத்தினார். 2012ஆம் ஆண்டில் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ என்னும் நிகழ்ச்சியைச் சூர்யா நடத்தினார். 2019ஆம் ஆண்டின் இறுதியில் மகளிர்க்கெனவே ‘கோடீசுவரி’ என்னும் நிகழ்ச்சி தொடங்கிற்று. அதனை நடத்தியவர் ராதிகா சரத்குமார். அந்நிகழ்ச்சியில் 2020ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒரு கோடி ரூபாயை வென்றவர், செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத மதுரைப் பெண்மணி ஒருவர் ஆவார். செவியால் கேட்க இயலாதவர் கண்ணால் உணர்ந்து கல்வியைத் திரட்டிக்கொண்டார். வாயால் உரைக்க இயலாதவர் நாடறிய விடையிறுத்தார். முயற்சியுடையார்க்குக் கல்வி எவ்வழியாலேனும் வந்தெய்தும் என்பதற்கு அவர் வெற்றியே சான்று.

இவ்விளையாட்டில் வெற்றி நற்பேற்றால் வருவதன்றோ எனச் சிலர் கருதலாம். அதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். விடை அறியாதவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைச் சுட்டினால், நான்கு முறைக்கு ஒரு முறை அது சரியாக அமையலாம். இரண்டு வினாக்களை இவ்வாறே கடத்தற்கு 16இல் ஒரு வாய்ப்பும், மூன்றைக் கடத்தற்கு 64இல் ஒரு வாய்ப்பும் உண்டு. தொடக்கத்தில் இவ்விளையாட்டில் பதினைந்து வினாக்கள் இருந்தன. அப்பதினைந்தையும் ஊகத்தாலேயே கடத்தற்கு 107,37,41,824இல் ஒரு வாய்ப்பே உண்டு. ஆதலின் நற்பேறு சில அடிகள் துணைவரலாம். நெடுவழி முழுதும் துணைவரவல்லது கல்வி ஒன்றே.

விடை தெரியாதபோது அவையிலுள்ளாரின் கருத்தைக் கேட்பதற்கும் இவ்விளையாட்டில் இடமுண்டு. அவையோர் பெரும்பாலும் சரியான விடையையே சுட்டுவர். அவருட் பலர் விடை அறியாதவராயிருந்தும் இஃது எவ்வாறு நிகழ்கின்றது? அவையில் நூறு பேர் உளர் எனக் கொள்வோம். விடையை அறிந்தோர் அவருள் இருபதின்மரே என்க. எஞ்சிய எண்பதின்மரும் அறியாது சுட்டுதலின், நான்கு விடைகளுக்கும் ஏறக்குறைய இருபதின்மராகப் பிரிந்து செல்வர். ஆகவே பிழையான விடை ஒவ்வொன்றிற்கும் இருபது பேரும், சரியான விடைக்கு நாற்பது பேரும் அமைவர். அறியாமை பல திசையிற் சிதறுகின்றது. அறிவோ ஓரிடத்தே குவிகின்றது. ஆயினும், பலரும் ஒரே பிழையை மெய்யென நம்பியிருப்பின் அவை முழுவதும் வழிதவறும். ஊரார் கூற்று என்பது பற்றியே ஒன்றை உண்மையெனக் கொள்ளுதல் தகாது என்பதனையும் இக்கணக்கே நமக்கு உணர்த்தும்.

பொருளும் புகழும் சேரும் இடத்தில் வஞ்சமும் புகுதல் உண்டு. அமெரிக்க நாட்டில் 1956ஆம் ஆண்டில் ‘இருபத்தொன்று’ என்னும் பொருளுடைய பெயர் கொண்ட வினாடி வினா ஒன்று தொலைக்காட்சியில் நடைபெற்றது. அதில் தொடர்ந்து வென்று வந்த எர்பர்ட் இசுடெம்பெல் என்பவரை நிகழ்ச்சி அமைப்போர் தோற்குமாறு பணித்தனர். தாம் நன்கறிந்த வினா ஒன்றிற்கே அவர் பிழையான விடை கூறவேண்டியதாயிற்று. அவரை வென்றவராகக் காட்டப்பட்டவர் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆசிரியர் சார்லசு வான் டோரன். பல கிழமைகள் நாடே அவரைப் பேரறிஞர் எனப் போற்றியது. ஆனால் விடைகள் அவருக்கு முன்னரே கொடுக்கப்பட்டிருந்தன. 1959ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் அமெரிக்கப் பேராயக் குழுவின் முன் அவரே இதனை ஒப்புக்கொண்டார். தம் ஆசிரியப் பணியையும் இழந்தார். இத்தகைய வஞ்சத்தைத் தடுத்தற்கு 1960ஆம் ஆண்டில் அந்நாட்டில் சட்டமும் இயற்றப்பட்டது. அவர் உண்மையிலேயே கற்றவர் என்பதே இங்கு இரங்கத்தக்கது. இரவல் விடை, அவர் பெற்றிருந்த மெய்க்கல்வியின் மதிப்பையும் அழித்துவிட்டது.

ஏறக்குறைய கி.பி. 640ஆம் ஆண்டில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், இந்நாட்டு மக்கள் வாய்மையைப் பற்றி நிற்பவர் என்றும் கல்வியைப் பெரிதும் மதிப்பவர் என்றும் தம் குறிப்பில் பாராட்டியுள்ளார். வாய்மையையும் கல்வியையும் அவர் ஒருங்கே கூறியது பொருத்தமேயாம். வாய்மை நீங்கிய கல்வி யாது ஆகும் என்பதனை மேற்கூறிய வரலாறு காட்டுகின்றதன்றோ?

அக்காலக் காஞ்சி வினவுவோர் நாடிவந்த நகரமாக விளங்கியது. மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயக் கணக்கரையும் கண்டு, அவரவர் கொள்கையை வினவிக் கேட்டாள். பின்னர்க் கச்சி மாநகரை அடைந்து அறவணவடிகளிடம் அறம் கேட்டாள் என்று அவள் பெயரால் அமைந்த காப்பியம் கூறுகின்றது. பல்லவர் காலத்தில் கடிகை என்னும் உயர்கல்வி நிலையம் இந்நகரில் இருந்தது. மயூரசன்மன் என்பவன் தன் ஆசிரியனுடன் அக்கடிகையிற் கற்க வந்தான் என்று கருநாடகத்துத் தாளகுண்டாக் கல்வெட்டு உரைக்கின்றது. கடம்ப அரசை நிறுவியவன் இவனே. அரசுரிமைக்கு உரியோன் இன்றி நாடு கலங்கியபோது இரண்டாம் நந்திவர்மனை அரசனாகத் தேர்ந்தவருள் கடிகையாரும் இருந்தனர் என்பது வைகுந்தப் பெருமாள் கோயிற் கல்வெட்டால் விளங்கும்.

காஞ்சியில் எழுந்த வினா ஒன்று தமிழறிந்தார் நடுவே இன்றும் பேசப்படுகின்றது. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை இயற்றிக் குமரகோட்டத்தில் அரங்கேற்றினார். நூலின் முதற்சொல்லைக் கூறிய அளவிலேயே அவையிலிருந்த புலவர் ஒருவர் தடுத்தார். ‘திகழ்’ என்பதும் ‘தசம்’ என்பதும் புணருங்கால் ‘திகடசம்’ என வருதற்கு விதி யாது என வினவினார். அரங்கேற்றம் அன்று நின்றது. மறுநாள் சோழநாட்டினின்று வந்த புலவர் ஒருவர் வீரசோழியம் என்னும் இலக்கண நூலில் அதற்குரிய விதியைக் காட்ட, அவை அமைதியுற்றது என்பது வழிவழி வரும் செய்தி. வந்தவர் முருகப்பெருமானே என்பர் அன்பர். வீரசோழியத்தை இயற்றிய புத்தமித்திரனார் பௌத்தர். சைவ நூலுக்கு எழுந்த ஐயத்தைப் பௌத்தரின் இலக்கணம் தீர்த்தது எனின், கல்வியில் தமர் பிறர் என்னும் வேற்றுமை இல்லை என்பது தெளிவாகும். எத்துணைப் பெரியோராயினும், விதி யாது என வினவினால் காட்டுதல் வேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும்.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பகுத்துக் கூறுகின்றது. விடையை அறிந்த ஆசிரியன் மாணவனை வினவுதல் அறிவினா. அறியாத மாணவன் ஆசிரியனை வினவுதல் அறியாவினா. தொலைவிற் கிடப்பது கயிறோ பாம்போ என்பது ஐயவினா. பட்டுக்கடையிற் புகுந்து, மாம்பழ நிறச் சேலை உளதோ எனக் கேட்பது கொளல் வினா. இரவலனை நோக்கி, நினக்கு ஆடை இல்லையோ என்பது கொடை வினா. மகனை நோக்கி, பாடம் படித்தாயோ என்பது ஏவல் வினா. இவ்வாறனுள் தொலைக்காட்சியில் நடத்துநர் விடுப்பது எது? விடை அவர் கையில் உள்ளதாதலின் அஃது அறிவினாவே. அறிவினா ஒருவன் முன்னரே சேர்த்துவைத்த பொருளை அளந்து பார்க்கும் மரக்கால். அளத்தலால் நெல் பெருகுவதில்லை. நெல்லைப் பெருக்கும் உழவு அறியாவினாவே. ஆதலின் வினாடி வினாவில் வெல்ல விரும்பும் மாணவனும் அறியாவினாவையே நாள்தோறும் பயிலுதல் வேண்டும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எடுப்பித்தவன் யார் என்பது வினா. இராசசிம்மன் என்னும் பல்லவ வேந்தன் என்பது விடை. வினாடி வினா அவ்வளவில் நின்றுவிடும். ஆனால் அறிவுடைய மாணவன் மேலும் வினவுவான். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அக்கோயிலின் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருப்பானேன்? அது சாளுக்கிய வேந்தன் இரண்டாம் விக்கிரமாதித்தனுடையது. காஞ்சியை வென்ற அவன், அக்கோயிலின் செல்வத்தைக் கவராது இறைவனுக்கே மீள அளித்தான் என்று அக்கல்வெட்டு அறிவிக்கின்றது. அவன் தேவியாகிய லோகமாதேவி, கணவனின் வெற்றிக்கு நினைவாகப் பட்டடக்கல்லில் எடுப்பித்த விருபாட்சர் கோயிலில் காஞ்சிச் சிற்பக்கலையின் சாயலைக் காணலாம். இவ்வாறு ஒரு பெயரிற் பிறந்த வினா, இரு நாடுகளின் போரையும், பகைவன் காட்டிய பண்பையும், கலை ஊர்விட்டு ஊர் சென்ற வழியையும் நமக்குக் காட்டுகின்றது.

2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டு இதற்கு ஏற்ற உவமையாகும். பாவு நூல் மட்டும் இருப்பின் அது சேலையாகாது. ஊடை நூல் குறுக்கே சென்று பிணைத்தல் வேண்டும். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக இருக்கும். மூன்று நாடாக்களைக் கொண்டு, துணைக்கு ஒருவர் அருகிருந்து உதவ, உடலையும் கரையையும் இழைதோறும் கோத்து நெய்வர். கோர்வை நன்கு அமையின், சேலை நைந்தாலும் கரை எளிதிற் பிரியாது. ஆண்டுகளும் பெயர்களும் எண்களும் பாவு நூல் போல்வன. ஏன், எவ்வாறு, எதனால் என்னும் வினாக்கள் ஊடை போல்வன. பாவின்றி ஊடை ஓட இயலாது. ஆதலின் செய்திகளை நினைவிற் கொள்ளுதலை இகழ்தல் கூடாது. ஊடையின்றிப் பாவு துணியாகாது. ஆதலின் செய்திகளோடு அமைந்து நிற்றலும் கூடாது.

எனவே, மாணவர்கள் வினாடி வினாவைக் கண்டு மகிழ்க, அதில் கலந்துகொள்க, வெல்க. விடை தெரியாதபோது தெரியாது எனக் கூற நாணாதிருக்க. பிறர் எழுதித் தந்த விடையைத் தமதெனக் கூற நாணுக. விடை ஒன்றை அறிந்தபோது, இதனை முதலில் அறிந்தவர் எவ்வாறு அறிந்தார் என்றும், இது ஏன் இவ்வாறு ஆயிற்று என்றும் மேலும் இரு வினாக்களை எழுப்புக. அவ்வினாக்களுக்குப் பரிசு அளிப்போர் எவரும் இலர். எனினும் அவற்றால் வரும் அறிவு வாழ்நாள் முழுதும் துணைநிற்கும்.