கறையானும் ஓதமும்: மைசூர் வீடுகள் கற்பிக்கும் பாடம்

மைசூர் நகரின் நடுவே, 1892 ஆம் ஆண்டு வைசிராய் லான்ஸ்டவுன் பிரபுவின் வருகையை நினைவுகூர எழுப்பப்பட்ட கட்டடத்தின் ஒரு பகுதி, 2012 ஆகஸ்டு 25 அன்று இடிந்து விழுந்தது. நால்வர் உயிரிழந்தனர். அடுத்துள்ள தேவராஜா சந்தையின் வடக்கு வாயிற்பகுதி 2016 ஆகஸ்டில் சரிந்தது. நெடுங்கால நீர்க்கசிவும் பராமரிப்புக் குறைவும் அப்போது காரணங்களாகப் பேசப்பட்டன. இக்கட்டடங்கள் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மர உத்திரம் ஆகியவற்றால் ஆனவை. நகரின் பழைய அக்கிரகாரங்களிலும், 1903 இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்த பின் விரிவடைந்த குடியிருப்புகளிலும் இதே முறையில் கட்டப்பட்ட வீடுகள் பல உள. ஆதலின் இது மாளிகைகளுக்கு மட்டும் உரிய சிக்கலன்று.

மைசூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மலைநாட்டோடு ஒப்பிட்டால் இது சிறிதே. ஆயினும் மே மாத இடிமழை, தென்மேற்குப் பருவத்தூறல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் கனமழை என அது பல மாதங்களுக்குப் பரவி வருவதால், ஒருமுறை நனைந்த சுவர் முற்றும் உலர்வதற்குள் மீண்டும் நனைகிறது.

மர உத்திரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, ஓடு பாவுவது மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளமாகும். தளத்தின் வாட்டம் கெட்டாலோ, தூம்பு அடைபட்டாலோ, விரிசலில் அரசஞ்செடி வேரூன்றினாலோ, நீர் உள்ளிறங்கி உத்திரத்தின் முனையைச் சென்றடைகிறது. அம்முனை சுவருக்குள் புதைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, காற்றும் படுவதில்லை. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால், அதனை உளுக்கச் செய்யும் பூஞ்சைகள் வளர வழி ஏற்படுகிறது. நடுப்பகுதி உறுதியாகத் தோன்றும் உத்திரம் முனையில் வெறும் தூளாகியிருக்கும். கட்டடத்திற்கு வெள்ளையடிக்க எளிதில் கிடைக்கும் பணம், தூம்பைத் துப்புரவு செய்யக் கிடைப்பதில்லை என்பது நம் நிருவாகத்தின் பழைய நோய்.

கறையான் வருவதும் பெரும்பாலும் இந்த ஈரத்தைத் தொடர்ந்தே. மண்ணில் வாழும் கறையானின் உடல் மென்மையானது. உலர்ந்த வெளியில் அது விரைவில் மடியும். எனவேதான் மண்ணாலான குழாய்ப்பாதை அமைத்து, அதனுள் ஈரம் காத்து, சுவரேறி மரத்தை அடைகிறது. நம் நாட்டில் பெரும் சேதம் விளைவிக்கும் கறையான் இனங்கள் சில புற்றுக்குள் பூஞ்சையை வளர்த்தே உண்கின்றன; மழைக்குப்பின் நாம் விரும்பிப் பறிக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்திலிருந்து முளைத்ததே. வீட்டுக்குள் ஈசல் இறகுகள் உதிர்ந்து கிடப்பதும், தட்டினால் கதவுநிலை பொள்ளென ஒலிப்பதும் எச்சரிக்கைகளாம். தேக்கின் வைரப்பகுதி கறையானை நன்கு எதிர்க்கும். வெளிப்புற வெண்மரம் அவ்வாறு எதிர்க்காது. தேக்கு எனக் கேட்டதும் மன நிறைவு கொள்வோர் இவ்வேறுபாட்டை அறிய வேண்டும்.

சுவர்களில் நடைபெறும் தவறு வேறு வகையினது. ஓதத் தடுப்புப் படை இல்லாத பழஞ்சுவர் அடிமண்ணின் நீரை உறிஞ்சி மேலேற்றும். சுண்ணாம்புப் பூச்சு அந்நீரை ஆவியாக வெளிவிடும் இயல்புடையது. அதனைக் கொத்தியெடுத்துச் சிமெண்டு பூசினால், வெளியேற வழியின்றி ஈரம் இன்னும் உயரத்திற்கு ஏறுகிறது. உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. அலமாரியின் பின்புறம் பூசணம் படர்கிறது. அதைத் துடைத்து மீண்டும் வண்ணம் பூசுவதால் பயன் இல்லை. சுவரோரத் தரையைச் சரிவாக்கி நீரை அகற்றுதல், சுண்ணாம்புப் பூச்சையே மீண்டும் இடுதல், அலமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தல் ஆகியவை செலவு குறைந்தவை.

மருந்தடித்தல் இவற்றிற்குப் பின்னரே வரவேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 6313 ஆம் எண் தரநிலை மூன்று பகுதிகள் கொண்டது. கட்டுமான ஏற்பாடுகளுக்கே அதன் முதற்பகுதி ஒதுக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. கட்டும்போது அடித்தள நிரப்புமண்ணின் மேற்பரப்பில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் மருந்துக் கரைசல் இடப்படுகிறது. கட்டிமுடிந்த வீட்டில், சுவரும் தரையும் கூடுமிடத்தில் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் துளையிட்டுச் செலுத்துகின்றனர். முன்பு பயன்பட்ட ஆல்டிரின், டைஎல்டிரின் போன்றவை மண்ணில் பல்லாண்டு நச்சாய்த் தங்குவதால் தடை செய்யப்பட்டன. அவற்றின் இடத்தைப் பிடித்த குளோர்பைரிபாசும் 2025 இல், சில விலக்குகளுடன், ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கிணறு உள்ள வீடுகளில் இத்தகைய மருந்தைப் பயிற்சியற்றோர் கையாளுதல் கூடாது.

பழைய வீட்டுக்குப் பழுதுபார்க்கும் அனுமதியோ கடனோ வழங்குமுன் தணிக்கை செய்யும் அலுவலர், கூடத்தின் தரையைப் பார்ப்பதற்கு முன் மாடிக்கு ஏறித் தூம்பையும், பின்னர் ஏணி வைத்து உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தையும் பார்த்தல் நலம். கூரிய கருவியால் அங்கு ஒருமுறை குத்திப் பார்த்தால் போதும். மே மாத மழைக்கு முன் இதைச் செய்துவிட்டால் கோடையிலேயே பணி முடியும்.