"பால் காணாது" என்று முடிவெடுக்குமுன்: தாய்மாருக்கு ஓர் ஆதரவுக் குழு

பச்சிளங் குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்த உணவு என்பதை நம் வீடுகளில் யாரும் மறுப்பதில்லை. ஊரில் அது பேச்சோடு நிற்பதுமில்லை. இலங்கையில் 2016இல் நடந்த குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி, 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பாலை மட்டுமே அருந்தினர். நாம் வாழும் பிரித்தானியாவில் 2010இல் நடந்த ஆய்வில், 81 வீதமான தாய்மார் பிறந்தவுடன் தாய்ப்பால் ஊட்டத் தொடங்கினர். 6 வாரமானபோது 55 வீதமானோரே கொடுத்துக்கொண்டிருந்தனர். 6 மாதத்தில் அது 34 வீதமாகியது. போத்தல் பாலையும் சேர்த்துக் கொடுத்தவர்களும் இந்தக் கணக்கில் அடங்குவர். தொடங்கும் மனம் தாய்மாரிடம் உண்டு. தொடர்வதற்கான துணைதான் குறைவாக இருக்கிறது.

நம்மில் பலருக்குத் தெரிந்த ஒரு காட்சியை நினைத்துப் பார்ப்போம். பிள்ளை பிறந்து நான்காம் நாள், இரவு இரண்டு மணி. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பிள்ளை அழுகிறது. தாயின் மார்பு கட்டிப்போய் நோகிறது, காம்பு வெடித்திருக்கிறது. அம்மா யாழ்ப்பாணத்தில். மாமி தொலைபேசியில், "பிள்ளைக்குப் பால் காணாது போல கிடக்கு. கொஞ்சம் பால்மாவைக் கரைச்சுக் குடு பிள்ளை" என்கிறார். அன்போடு சொன்ன சொல்தான். ஆனால் பல வீடுகளில் தாய்ப்பால் நின்றுபோவது அந்த இரவில்தான் தொடங்குகிறது.

ஊரில் என்றால் அந்த நேரத்தில் அம்மாவோ பெரியம்மாவோ பக்கத்தில் இருந்திருப்பார். குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்திருப்பார். இங்கும் மருத்துவிச்சியும் ஹெல்த் விசிட்டரும் வருகிறார்கள். ஆயினும் அவர்கள் வந்து போகும் நாட்களுக்கு இடையில் தாய் தனித்துவிடுகிறாள். அந்த இடைவெளியை நிரப்புவதே தாய்ப்பால் ஆதரவுக் குழு. அதை நம் சமூகத்தில் எப்படி நடத்தலாம் என்பதை இங்கு பார்ப்போம்.

தாய்க்குத் தாய் துணை

இந்த எண்ணம் புதியதல்ல. 1956இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஒரு வெளியிட ஒன்றுகூடலில் இரண்டு தாய்மார் தம் குழந்தைகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தார்கள். தங்களால் முடியாமற்போனது இவர்களால் எப்படி முடிகிறது என்று மற்றப் பெண்கள் வந்து கேட்டார்கள். அதிலிருந்துதான் ஏழு பெண்கள் சேர்ந்து லா லேச்சே லீக் அமைப்பைத் தொடங்கினர். 1968இல் நோர்வேயிலும் தாய்மாரே சேர்ந்து இத்தகைய ஓர் உதவி அமைப்பை உருவாக்கினர். 1989இல் உலக சுகாதார அமைப்பும் யுனிசெப்பும் மகப்பேற்று நிலையங்களுக்கு வகுத்த பத்துப் படிகளில் பத்தாவது, தாய்மார் ஆதரவுக் குழுக்களை வளர்த்து, வீடு திரும்பும் தாயை அவற்றுடன் இணைத்துவிடுவது பற்றியதாகும்.

குழு படிக்க வேண்டிய முதற் பாடம்: பால் காணுமா, காணாதா?

அழுகையை வைத்து மட்டும் பாலை அளக்க முடியாது. புதிதாய்ப் பிறந்த குழந்தை 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தடவை, சில நாட்களில் அதற்கும் மேலாகப் பால் குடிக்கும். மாலையிலும் இரவிலும் விடாமல் கேட்பது வழமையே. முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரக்கும் கடும்புப்பால் அளவிற் சிறியது. குழந்தையின் வயிறும் அப்போது சிறியதே. பெரும்பாலும் 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையில் பால் பெருகும். ஆகவே கேட்க வேண்டிய முதற் கேள்வி "பிள்ளை எவ்வளவு அழுதது?" என்பதல்ல, "நேற்று எத்தனை நப்பி நனைந்தது?" என்பதே.

24 மணித்தியாலத்தில் எதிர்பார்க்கக்கூடிய ஈர நப்பிகள்:
– முதல் 2 நாட்கள்: 2 அல்லது அதற்கு மேல்
– 3ஆம், 4ஆம் நாட்கள்: 3 அல்லது அதற்கு மேல்
– 5ஆம், 6ஆம் நாட்கள்: 5 அல்லது அதற்கு மேல்
– 7ஆம் நாளிலிருந்து: 6 அல்லது அதற்கு மேல், கையில் எடுத்தால் பாரம் தெரிய வேண்டும்

முதலில் கரிய, ஒட்டும் தன்மையான மலம் போகும். அது பச்சையாகி, பின் கடுகு மஞ்சள் நிறத்துக்கு மாற வேண்டும். 4ஆம் நாளுக்குப் பின் முதற் சில வாரங்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு தடவையாவது மஞ்சள் மலம் போவது நல்ல அறிகுறி. முதல் நாட்களில் நிறை சற்றுக் குறைவது இயல்பு. பிறந்த நிறை பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்துக்குள் திரும்பிவிடும்.

இறைக்கிற கிணறு ஊறும் என்பார்கள். குழந்தை எவ்வளவு குடிக்கிறதோ அதற்கேற்பவே பால் சுரக்கும். தேவையின்றிக் கொடுக்கும் ஒவ்வொரு போத்தலும் ஒரு தடவை இறைப்பைக் குறைக்கிறது. சில நாட்களில் உண்மையாகவே பால் குறைந்துவிடும். மாமி சொன்னதே சரி என்று வீட்டார் முடிவு செய்துவிடுவர்.

காம்பு வெடித்து நோவதற்கு மிகப் பொதுவான காரணம், குழந்தை காம்பை மட்டும் பிடிப்பது. குழந்தையின் உடல் தாயின் உடலோடு அணைந்திருக்க, மூக்குக் காம்புக்கு நேரே இருக்க வேண்டும். வாயை அகலத் திறந்தபின், நாடி முதலில் மார்பில் படும்படி அணைக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் மேற்பகுதி கூடுதலாகத் தெரிந்தால் பிடி சரி. நோவு தொடர்ந்தால் சுண்டுவிரலை வாயின் ஓரத்தில் வைத்து விடுவித்து மறுபடி முயலலாம்.

குழுவை நடத்துவது எப்படி?

1. கர்ப்பகாலத்திலேயே அழையுங்கள். பிள்ளை பிறந்தபின் முதல் வாரத்தில் புது இடம் தேடி வர எந்தத் தாய்க்கும் ஏலாது. ஏழாம், எட்டாம் மாதத்தில் ஒருமுறை வந்து முகம் பார்த்தவள்தான் நான்காம் நாள் இரவுக்குப் பிறகு விடிந்ததும் தொலைபேசியை எடுப்பாள்.

2. நாளும் நேரமும் மாறக்கூடாது. கிழமையில் ஒரு காலை, ஒன்றரை மணித்தியாலம் போதும். தள்ளுவண்டி நுழையக்கூடிய, சூடான அறை, சாய்ந்திருக்கக் கதிரைகள், தேநீர், தண்ணீர் இருந்தால் போதுமானது. ஒரு தாய் மட்டும் வந்தாலும் நடத்த வேண்டும்.

3. நடத்துபவர்கள் இருவராவது இருக்க வேண்டும். தாய்ப்பால் கொடுத்த அனுபவம் நல்லது. அது மட்டும் போதாது. பாலூட்டும் தாய்மாருக்குத் துணை நிற்பதற்கான பயிற்சியை இங்குள்ள தாய்ப்பால் அமைப்புகள் நடத்துகின்றன. அதைப் பெற்றிருப்பது அவசியம். உங்கள் பகுதி ஹெல்த் விசிட்டர்களையும் முதலிலேயே சந்தித்து அறிமுகமாகிக் கொள்ளுங்கள்.

4. முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள். "நான் இரண்டு வருஷம் குடுத்தனான், உமக்கு மட்டும் ஏன் ஏலாது?" என்ற பேச்சுக்குக் குழுவில் இடமில்லை. "நேற்றிரவு எப்படிப் போனது?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தால், தாய் தன் சிக்கலைத் தானே சொல்வாள்.

5. குழுவிற் கேட்டது குழுவோடு. நம் சமூகம் சிறியது. இன்று சொன்னது நாளை கோயிலிலும் தமிழ்ப் பாடசாலை வாசலிலும் கேட்டால், அந்தத் தாய் மறுபடி வரமாட்டாள்.

6. அம்மம்மாவையும் அப்பம்மாவையும் அழையுங்கள். மாதத்தில் ஒருநாளை அவர்களுக்கென்றே வைக்கலாம். அவர்களுடைய பிள்ளைப்பேற்று அனுபவத்தை மதிப்போடு கேட்டபின், மாற வேண்டியதைச் சொல்லலாம். பத்தியக் கறி, மீன், உள்ளி, முருங்கையிலை எல்லாம் நல்லவைதான். ஆனால் தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பது தவறு. குழந்தைக்குச் சீனித் தண்ணீரோ கொதித்தாறிய தண்ணீரோ தேவையில்லை. ஒரு வயது வரை தேன் தொட்டு வைக்கவே கூடாது. பொட்டுலிசம் என்ற கடும் நோயை அது உண்டாக்கலாம்.

7. தந்தையரையும் மறக்க வேண்டாம். நப்பி மாற்றுவது, ஏவறை எடுப்பது, சமைப்பது, தாயை உறங்க விடுவது எல்லாம் பாலூட்டலுக்கு உதவியே.

8. பால்மா நிறுவனங்களின் பணமோ பரிசோ வேண்டாம். 1981இல் உலக சுகாதார அமைப்பின் பேரவை ஏற்றுக்கொண்ட சர்வதேச விதிக்கோவை இத்தகைய விளம்பரங்களைத் தடுப்பதற்கே வந்தது. அதேவேளை, பால்மா கொடுக்கும் தாயைக் குழுவிலிருந்து ஒதுக்கவும் கூடாது. சிலருக்கு அது மருத்துவத் தேவை, சிலருக்கு அது அவர்களின் முடிவு. அவர்களும் துணை தேடித்தான் வருகிறார்கள்.

இவற்றோடு இரண்டு செய்திகளைச் சொல்லத் தவறக்கூடாது. தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்து நாளொன்றுக்கு 8.5 முதல் 10 மைக்றோகிராம் வரை விற்றமின் டி கொடுக்குமாறு இந்நாட்டுச் சுகாதாரத் துறை பரிந்துரைக்கிறது. கடை, உணவகம், பஸ் போன்ற இடங்களில் பாலூட்டும் தாயை அதற்காக வெளியேறச் சொல்வதை 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் தடுக்கிறது. வெளியே போகக் கூச்சப்பட்டு வீட்டுக்குள் அடைந்திருக்கும் தாய்க்கு இது பெரிய ஆறுதல்.

எமது எல்லை எது?

நாம் வைத்தியர்கள் அல்ல. பின்வருவனவற்றைக் கண்டால் ஆலோசனை சொல்லிக்கொண்டிராமல் உடனே மருத்துவிச்சியிடமோ வைத்தியரிடமோ அனுப்ப வேண்டும். அவர்களை அணுக முடியாவிட்டால் 111ஐயும், நிலைமை ஆபத்தானால் 999ஐயும் அழைக்க வேண்டும்.

– நப்பிகள் மேற்கூறிய எண்ணிக்கையிலும் குறைதல், பால் குடிக்க எழுப்பியும் எழும்பாத சோர்வு
– பிறந்த நிறையில் 10 வீதத்துக்கு மேல் குறைதல்
– மஞ்சட் காமாலை. முதல் 24 மணித்தியாலத்தில் தோன்றினால் மிக அவசரம். நம் குழந்தைகளின் நிறத்தில் தோலை மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். கண்ணின் வெள்ளையையும் முரசையும் பாருங்கள்.
– மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல்
– தாயின் மார்பு சிவந்து சூடாகி, காய்ச்சலும் சேர்ந்து, ஒரு நாளுக்குள் குறையாமலிருத்தல். அப்போதும் பாலூட்டலை நிறுத்த வேண்டியதில்லை. மார்பை அழுத்தி உருவவும் வேண்டாம்.
– தாய் எந்நேரமும் அழுதல், பிள்ளையைப் பார்க்க மனமில்லாதிருத்தல், உயிர் வாழ விருப்பமில்லை என்று பேசுதல்

கடைசியாகச் சொன்னதைப் பால் பிரச்சினையிலும் முக்கியமாகக் கருதுங்கள். பால் கொடுக்க முடியவில்லையே என்ற கவலைக்குப் பின்னால் மனச்சோர்வு மறைந்திருக்கக்கூடும். அதை முதலில் காண்பவர் வைத்தியராக இல்லாமல், பக்கத்துக் கதிரையில் இருக்கும் இன்னொரு தாயாக இருக்கலாம்.

ஒரு குழுவைத் தொடங்கப் பெரிய நிதி தேவையில்லை. பயிற்சி பெற்ற இரண்டு தாய்மாரும், ஓர் அறையும், மாறாத ஒரு நாளும் போதும். உங்கள் வீட்டிலோ அயலிலோ கர்ப்பிணித் தாய் ஒருவர் இருந்தால், அவரை இப்போதே அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துங்கள். குழு இன்னும் இல்லையென்றால், பிள்ளை பிறந்த முதல் வாரத்தில் நீங்களே ஒருமுறை போய் அவரருகில் இருங்கள். "பால் காணாது" என்று யாராவது சொல்லும்போது, "பொறுங்கோ, முதலில் நப்பியை எண்ணிப் பார்ப்பம்" என்று சொல்ல ஒருவர் இருந்தாலே அந்த இரவைத் தாய் கடந்துவிடுவாள்.