காவல் நாய்க்கு ஏற்ற படுக்கை

நிலக்கடலை காய் பிடித்து நிற்கும் நாட்களில் தோட்டக்காவலுக்கு நாயைப் போல் உதவுவது வேறொன்றில்லை. நரியோ பன்றியோ வரப்பைத் தாண்டும் முன்பே அது அறிந்து குரல் கொடுக்கிறது. ஆட்டுப்பட்டியையும் களத்து நெல்லையும் அதுவே காக்கிறது. அவ்வாறு இரவெல்லாம் விழித்திருந்த நாய் பகலில் எங்கே படுக்கிறது? பெரும்பாலான வீடுகளில் இதற்கு விடை ஒன்றே: கிடைத்த இடத்தில் படுக்கிறது. அடுப்படிச் சாம்பலிலும், தொழுவத்து ஈரத்திலும், கிணற்றடிச் சேற்றிலும், வெயிலில் சுட்ட சிமெண்டுத் திண்ணையிலும் அது படுக்கிறது.

வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதிப் பொழுதை உறக்கத்திலும் ஓய்விலும் கழிப்பது இயல்பு. ஆதலின் அதன் உடல்நலத்தில் பாதி, படுக்கும் இடத்தைப் பொறுத்தது என்றால் மிகையாகாது. அந்த இடத்திலேயே உண்ணியும் தெள்ளும் பெருகி, வீட்டுக்குள்ளும் குழந்தைகளிடமும் வந்து சேர்கின்றன. எனவே நாயின் படுக்கை நாயை மட்டும் பொறுத்த செய்தியன்று. வீட்டின் சுகாதாரத்தையும் பொறுத்தது. அதிகப் பணச் செலவின்றி நல்ல படுக்கையை அமைக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

நம் நாட்டு நாய்களின் உடலமைப்பு

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி முதலிய நம் தென்மாவட்ட இனங்கள் ஒல்லியான உடலும் நீண்ட கால்களும் குட்டையான மயிரும் கொண்டவை. ஓட்டத்திற்கு இவ்வமைப்பு மிகப் பொருத்தமானது. வன்தரையில் படுப்பதற்கோ பொருத்தமற்றது. கொழுப்பும் அடர்ந்த மயிரும் இல்லாமையால் எலும்பு நேரே தரையை அழுத்துகிறது. முன்னங்கால் முழங்கை, பின்னங்கால் கணு, இடுப்பெலும்பின் முனை, மார்பெலும்பு ஆகிய இடங்களே இதனால் முதலில் துன்புறுகின்றன.

தொடக்கத்தில் அவ்விடத்து மயிர் உதிர்ந்து தோல் தடித்துக் கறுக்கும். இதனைக் காய்ப்பு என்பர். நாளடைவில் முழங்கையில் நீர் கட்டிய வீக்கம் உண்டாகலாம். அதனைச் சிலர் ஊசியால் குத்தி வடிக்கின்றனர். இது பெருந்தவறு. குத்திய வழியாகக் கிருமி புகுந்து சீழ் பிடிக்கும். வீக்கத்தைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதும், அன்றே மெத்தென்ற படுக்கை இடுவதும் சரியான வழியாகும். படுக்கையை மாற்றாமல் எந்த மருந்து இட்டாலும் வீக்கம் மீண்டும் வரும்.

மூன்று சோதனைகள்

எந்தப் படுக்கையாயினும் கீழ்க்கண்ட மூன்று சோதனைகளில் தேற வேண்டும்.

முதலாவது, ஈரச் சோதனை. படுக்கையின் அடிப்பக்கத்தைக் காலையில் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் தோன்றினால் இடத்தை மாற்றுதல் அவசியம். ஈரமும் நிழலும் சேர்ந்த மண்ணில், நாயின் மலத்தின் வழி வந்த கொக்கிப்புழு முட்டைகள் பொரித்து, அப்புழுக்கள் தோல் வழியாக உடலில் புகுகின்றன. வெறுங்காலுடன் நடக்கும் குழந்தைகளின் தோலிலும் இவை புகுந்து அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தால் எலிக்காய்ச்சல் பரவுவதும் உண்டு.

இரண்டாவது, அழுத்தச் சோதனை. படுக்கையின் மீது நாம் ஒரு முழங்காலை ஊன்றி உடலின் பாரத்தைச் செலுத்த வேண்டும். அடித்தரையின் கடினம் முழங்காலில் பட்டால் அந்தப் படுக்கை போதாது. நாயின் முழங்கைக்கும் அப்படியே படும். ஒரே சாக்கை விரித்துவிட்டுப் படுக்கை போட்டாயிற்று என்று எண்ணுவோர் இச்சோதனையைச் செய்து பார்த்தல் நலம்.

மூன்றாவது, கழுவும் சோதனை. வாரம் ஒருமுறை மேல்விரிப்பை எடுத்துத் துவைத்து, ஒரே பகலில் வெயிலில் உலர்த்த இயல வேண்டும். இயலாதாயின், அது எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் சில மாதங்களில் பூச்சிகளின் இருப்பிடமாகிவிடும்.

அளவையும் கவனிக்க வேண்டும். நாய் காலை நீட்டிப் பக்கவாட்டில் படுத்திருக்கும்போது மூக்கு நுனி முதல் வாலின் அடி வரை அளந்து, அதனுடன் ஒரு சாண் கூட்டினால் படுக்கையின் நீளம் கிடைக்கும். சுருண்டு படுத்திருக்கும்போது அளந்தால் படுக்கை குறுகிவிடும்.

படுக்கைக்குரிய பொருள்கள்

வெப்பம் மிகுந்த நம் பகுதிக்குக் கயிற்றுக் கட்டில் சிறந்தது. தரையிலிருந்து அரை அடி உயரமுள்ள சிறு மரச்சட்டத்தில் தென்னை நார்க் கயிற்றை நெருக்கமாகப் பின்னினால் போதும். நாய்க்கு மனிதரைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைப்பின் மூலமே அது பெரும்பாலும் வெப்பத்தைத் தணித்துக் கொள்கிறது. கட்டிலின் அடியில் காற்று ஓடுவதால் கோடையில் உடல் குளிரும். மழைக்காலத்தில் தரையீரம் ஏறாது. கயிற்றின் மேல் சணல் சாக்கை நான்காக மடித்து விரித்தல் வேண்டும். பின்னல் இடைவெளி அகன்றிருந்தால் குட்டியின் கால் சிக்கும் என்பதையும் மறத்தலாகாது.

வைக்கோல் குளிர்காலத்திற்கு ஏற்றது. மெத்தென்று இருப்பதோடு உடற்சூட்டையும் காக்கும். ஆனால் நனைந்த வைக்கோலில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே வாரந்தோறும் பழையதை எருக்குழியில் இட்டுப் புதியதைப் பரப்ப வேண்டும். உமி கூடாது, அதன் தூசியும் சுணையும் கண்ணிலும் மூக்கிலும் புகும்.

பழைய சேலை, போர்வை ஆகியவற்றைப் பல மடிப்பாகத் தைத்து, சாக்கு உறைக்குள் இட்டும் மெத்தை செய்யலாம். கடையில் நுரை மெத்தை வாங்குவோர் கழற்றித் துவைக்கக்கூடிய உறையுள்ளதா என்பதை முதலில் பார்த்து, அழுத்தச் சோதனையையும் அங்கேயே செய்து பார்க்கலாம். கடித்துக் கிழிக்கும் பழக்கமுள்ள இளநாய்க்கு நுரை மெத்தை ஆகாது. விழுங்கிய துண்டு குடலை அடைத்து உயிருக்கே கேடு தரும்.

அறவே விலக்க வேண்டியவை

பூச்சிமருந்துடன் வந்த சாக்கு, விதை நேர்த்தி செய்த விதையிருந்த பை, உரப்பை ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் நாய்க்கு விரிக்கலாகாது. கழுவினாலும் நஞ்சு முற்றிலும் நீங்கும் என்று நம்ப முடியாது. நாய் தன் உடலையும் படுக்கையையும் நக்கும் இயல்புடையது.

இதனினும் ஆபத்தான பழக்கம் ஒன்று நம்மிடையே உண்டு. உண்ணி பெருகிவிட்டது என்று பயிருக்குத் தெளிக்கும் மருந்தை நாயின் மேலோ படுக்கையிலோ தூவுகின்றனர். இதனால் உண்ணி சாவதற்கு முன்பே நாய் சாவதுண்டு. வாயில் எச்சில் வடிதல், வாந்தி, உடல் நடுக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை நஞ்சேறியதற்கான அறிகுறிகள். இவை தோன்றினால் காலம் தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மருந்துப் புட்டியின் முகப்புச் சீட்டையும் உடன் எடுத்துச் சென்றால் சிகிச்சைக்கு உதவும்.

உண்ணியும் தெள்ளும்

நாயின் மேல் காணும் பூச்சிகள் முழுத் தொகையில் ஒரு பகுதியே. பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது முட்டைகள் வரை இடக்கூடும். அவை மயிரில் தங்காமல் படுக்கையில் உதிர்ந்து அங்கேயே வளர்கின்றன. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணியோ, நாயை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்பில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. உண்ணிக் காய்ச்சலால் நாய் இரத்தம் குன்றி, மூக்கில் இரத்தம் வடிந்து மடிவதும் உண்டு.

ஆகவே நாய்க்கு மட்டும் மருந்திட்டுப் படுக்கையை விட்டுவிட்டால் பயனில்லை. நாய்க்கு உரிய மருந்தை மருத்துவர் கூறியபடி இடும் அதே நாளில் விரிப்பைக் கொதிநீரில் நனைத்துத் துவைத்து வெயிலில் இட வேண்டும். கட்டிலின் மூட்டுகளிலும் கொதிநீர் ஊற்றலாம். படுக்கையருகிலுள்ள சுவர் வெடிப்புகளைச் சாந்திட்டு அடைத்துச் சுண்ணாம்பு பூச வேண்டும். கூட்டுப்புழுப் பருவத்திலுள்ள தெள்ளு பல வாரங்கள் மறைந்திருக்க வல்லது. ஆதலின் இத்துப்புரவை வாரந்தோறும் விடாது செய்வதே வெற்றி தரும்.

ஈன்ற நாயும் முதிய நாயும்

நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள். ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பே சந்தடியற்ற மூலையில், தாய் காலை நீட்டிப் படுக்குமளவு பெட்டி அமைத்துப் பழக்க வேண்டும். உட்சுவர்களைச் சுற்றி, தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் ஒரு சட்டம் அடித்தால், தாய் சாய்ந்து படுக்கும்போது குட்டிகள் சுவரோடு நசுங்காமல் தப்பும். பிறந்த இரண்டு மூன்று வாரங்களுக்குக் குட்டிகளால் தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ள இயலாது. ஈரமும் குளிர்காற்றுமே அவற்றிற்குக் கொடிய பகை. விரிப்பு வழுவழுப்பாக இருந்தால் கால்கள் அகன்று போகும். எனவே சொரசொரப்பான சுத்தத் துணியே நல்லது.

முதிய நாய்க்கு மூட்டுகள் விறைத்துப் போகின்றன. எழும்போது தடுமாறுதல், காலையில் நொண்டுதல், உயரத்தில் ஏறத் தயங்குதல் ஆகியவை இதன் அடையாளங்கள். அதற்குக் கட்டிலை நீக்கி, தாழ்ந்த பலகையின் மேல் நான்கு விரற்கடைக்குக் குறையாத திண்ணிய மெத்தை இட வேண்டும். மிகவும் குழைந்து அமிழும் மெத்தையும் ஆகாது. அதிலிருந்து எழுவதற்கு நாய் படாத பாடுபடும். பத்தாண்டுகள் நம் களத்தைக் காத்த உயிர், தன் இறுதிக் காலத்தில் வலியின்றி உறங்குவதற்கு நாம் அளிக்கும் கைம்மாறு இது.

கட்டி வைக்கப்படும் நாய்

சங்கிலியின் நீளம், நாய் படுக்கைக்கும் தண்ணீருக்கும் நிழலுக்கும் எளிதில் செல்லப் போதியதாக இருக்க வேண்டும். உயரமான திண்ணையிலோ கட்டிலிலோ குட்டைச் சங்கிலியால் கட்டினால், நாய் குதிக்கும்போது கழுத்து இறுகி உயிர் போகும். கூரையின் வாயில், வடகிழக்குப் பருவமழையின் சாரல் அடிக்கும் திசையை நோக்காதிருத்தல் நன்று.

1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வளர்ப்பவர் தம் பிராணிக்குப் போதிய உணவும் நீரும் உறைவிடமும் அளிக்கத் தவறுவதைக் குற்றமாகக் கூறுகிறது. எப்போதும் கட்டிய நிலையில் உள்ள நாயை உலாவ விடாமல் புறக்கணிப்பதும் அதே பிரிவில் குற்றமாகும். ஊராட்சி உறுப்பினர்கள் இதனைத் தண்டனைக்குரிய அச்சமாகக் காட்டுவதினும் அறிவுரையாக எடுத்துக் கூறுவதே பயன் தரும். வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடைபெறும் நாளில், ஒரு மாதிரிக் கட்டிலைச் செய்து மக்கள் காண வைத்தால், ஒரு மணி நேரப் பேச்சைக் காட்டிலும் அது மிகுதியாகக் கற்பிக்கும்.

ஒரு சட்டம், சிறிது கயிறு, இரண்டு சாக்கு, வாரம் ஒரு நாளின் வெயில் ஆகியவையே இதற்கு வேண்டிய முதல். இன்று மாலையே தத்தம் வீட்டு நாய் படுக்கும் இடத்தில் முழங்காலை ஊன்றிப் பார்க்குமாறு உழவர் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

மன்றத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் நாய்கள் பகலில் படுக்கும் இடங்கள் யாவை? அவற்றுள் ஈரமானவை எத்தனை? குழந்தைகள் விளையாடும் இடங்கள் எத்தனை?

2. பயன்படுத்திய பூச்சிமருந்துப் பைகளும் புட்டிகளும் நம் ஊரில் எங்கே போகின்றன?

3. உண்ணிக்குப் பயிர்மருந்து தூவும் பழக்கத்தை நிறுத்த யார் யாரிடம், எவ்வாறு எடுத்துரைப்பது?

4. அடுத்த வெறிநோய்த் தடுப்பூசி முகாமில் மாதிரிக் கட்டிலைச் செய்து காட்டும் பொறுப்பை யார் ஏற்பது?