பெயர் ஒன்று, ஆள் வேறு

நான் வசிக்கும் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பு. மன்னாரிலும் மட்டக்களப்பிலும் இதே பெயரில் ஊர்கள் உண்டு. அதனால் முகவரி எழுதும்போது மாவட்டத்தையும் சேர்த்தே எழுதுகிறோம். ஊருக்கு இது போதும். ஒரே பெயருடைய வரலாற்று மனிதர்களை எப்படிப் பிரித்தறிவது?

யாழ்ப்பாண இராச்சியத்தில் சங்கிலி என்ற பெயரில் இருவர் ஆண்டனர். 1544இல் மன்னாரில் கத்தோலிக்க மதத்தைத் தழுவியோரைக் கொல்வித்தவர் முதலாம் சங்கிலி. 1560இல் போர்த்துக்கேயர் படையெடுத்தபோது ஆட்சியிலிருந்தவரும் அவரே. 1617இல் அதிகாரத்தைக் கைப்பற்றி, 1619இல் பிலிப் டி ஒலிவேராவிடம் தோற்று, கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டவர் சங்கிலி குமாரன். இருவரும் போர்த்துக்கேயரை எதிர்த்தவர்கள் என்பதால் எளிதில் ஒருவராகிவிடுகிறார்கள். அப்போது மன்னாரில் நடந்த கொலைகளின் பழி, அதற்கு 73 ஆண்டுகளுக்குப் பின் ஆட்சிக்கு வந்தவர்மீது விழுகிறது.

அரசர்களின் பட்டப்பெயர்கள் இன்னும் குழப்பமானவை. யாழ்ப்பாண மன்னர்கள் செகராசசேகரன், பரராசசேகரன் என்ற பெயர்களை மாறி மாறிச் சூடினர். ஆகவே ‘செகராசசேகரம்’ என்னும் வைத்திய நூல் எந்த மன்னன் காலத்தது என்பதைப் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் நாம் படிக்கும் இப்னு ருஷ்த் 1126இல் குர்துபாவில் பிறந்த தத்துவஞானி. அவருடைய பாட்டனாரின் பெயரும் முஹம்மத் இப்னு அஹ்மத் இப்னு ருஷ்த் என்பதே. இருவரும் சட்ட அறிஞர்கள். இருவரும் குர்துபாவின் காழிகள். பேரன் பிறந்த ஆண்டிலேயே பாட்டனார் காலமானார். எனவே அறிஞர்கள் மூத்தவரை ‘அல்ஜத்’ (பாட்டனார்) என்றும் இளையவரை ‘அல்ஹபீத்’ (பேரன்) என்றும் குறித்தனர்.

ஹதீஸ் கலை அறிஞர்கள் இதற்கென ஒரு தனிப் பிரிவையே வளர்த்தனர். 1071இல் மறைந்த கதீப் அல்பக்தாதி, ஒரே பெயருடைய அறிவிப்பாளர்களைப் பிரித்துக் காட்ட ‘அல்முத்தபிக் வல்முப்தரிக்’ என்ற நூலை எழுதினார். கலீல் இப்னு அஹ்மத் என்ற பெயரில் மட்டும் ஆறு பேரை அறிஞர்கள் எடுத்துக்காட்டுவர். அவர்களுள் ஒருவர் அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவர். இத்தனை கவனம் ஏன்? நம்பத்தகாத ஒருவர் அறிவித்த செய்தி, அதே பெயருடைய நம்பகமானவரின் செய்தியாகக் கொள்ளப்பட்டால், தவறானது மார்க்கமாகிவிடும். ஆகவே தந்தை யார், ஊர் எது, எக்காலத்தவர், ஆசிரியர் யார், மாணவர் யார் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள்.

இந்தக் கேள்விகள் பழைய நூல்களுக்கு மட்டும் உரியவையல்ல. 2009இல் போர் முடிந்த எங்கள் பகுதியில், மகனைத் தேடும் தாய்க்கு ஒரு பட்டியலில் அவன் பெயரைக் காண்பது மட்டும் போதாது. தந்தை பெயரும் பிறந்த திகதியும் ஊரும் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் அந்தப் பெயர் வேறொரு தாயின் பிள்ளைக்குரியது.

நம் வகுப்புகளிலும் பாத்திமாக்கள் பலர். தந்தையின் பெயரைக் கொண்டே ஆசிரியர்கள் நம்மைப் பிரித்தறிகிறார்கள். சகோதரிகளே, விடைத்தாளில் ஒரு பெயரை எழுதும்போது ‘எந்தச் சங்கிலி? எந்த இப்னு ருஷ்த்?’ என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். ஒருவர் செய்த நன்மையையும் தீமையையும் அவரவர் கணக்கிலேயே எழுதுவதுதான் வரலாறு கற்போர் செய்யவேண்டிய முதல் நீதி.