மடிநோய் ஊசியும் வீட்டுப் பாலும்

திரும்பி வந்த பல குடும்பங்களில் வீட்டுக்குக் கூரை போடுமுன்பே கொட்டிலில் ஒரு பசு கட்டியாகிவிடுகிறது. பிள்ளைகளுக்குப் பாலும் கைச்செலவுக்குக் காசும் அதிலிருந்துதான் வருகின்றன. அந்தப் பசுவுக்கு மடிநோய் வந்தால் என்ன செய்வீர்கள்?

மடி வீங்கிச் சூடாக இருக்கும். தொட்டால் பசு உதைக்கும். பாலில் கட்டியோ நூல்போன்ற திரளோ இரத்தமோ தென்படலாம். தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க, ஒவ்வொரு முறை கறக்கும்போதும் ஒவ்வொரு காம்பின் முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள்; வெள்ளைத் திரள் அதில் தெளிவாகத் தெரியும். நோயுள்ள பசுவைக் கடைசியாகக் கறந்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கால்நடை வைத்தியர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தருவார். மூன்று நாள் என்றால் மூன்று நாளும் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாளே வீக்கம் வற்றியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்போது செத்திருப்பவை பலவீனமான கிருமிகள்தான். மருந்தைத் தாங்கியவை மிஞ்சிப் பெருகும். அடுத்த தடவை அதே மருந்து வேலை செய்யாது. பெனிசிலினைக் 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங்கே, 1945இல் நோபல் பரிசு உரையில் குறைந்த அளவு மருந்தின் இந்த ஆபத்தை எச்சரித்தார். மாட்டுக்குப் போடும் பெனிசிலினும் டெட்ராசைக்கிளினும் மனிதருக்கும் கொடுக்கப்படும் மருந்து வகைகளே. மருந்துக்கு அடங்காத கிருமி காய்ச்சாத பாலாலும் கறந்த கையாலும் வீட்டுக்குள் வந்தால், பிள்ளைக்கு வரும் நோயையும் அந்த மருந்தால் மாற்றுவது கடினம். அயல்வீட்டில் மிஞ்சிய ஊசி மருந்தை வாங்கிப் போடுவதும் இதே வினைதான்.

"பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறோம்" என்பீர்கள். நல்லது, கட்டாயம் காய்ச்சுங்கள். பொங்கக் கொதித்தால் கிருமி சாகும், மருந்துக்கு அடங்காத கிருமியும் சாகும். ஆனால் பாலில் கலந்துவிட்ட மருந்து கொதித்தாலும் முழுதாகப் போகாது. பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு அந்தப் பாலே தீங்காகலாம். தயிர் போடுபவர்களுக்கு இது வேறு விதமாகத் தெரியவரும்: உறைமோரில் இருப்பதும் ஒருவகைக் கிருமிதான், நல்ல கிருமி. மருந்து அதையும் கொல்வதால் பால் சரியாக உறையாது. பால் சேகரிப்பு நிலையத்தில் உங்கள் ஒரு பசுவின் பால் கலந்தால் ஊராருடைய பாலும் சேர்ந்து கெடலாம்.

ஆகவே ஊசி போடும்போதே, "கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் பாலை எடுக்கக்கூடாது?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். மருந்துக்கு மருந்து நாட்கள் வேறுபடும். மருந்துப் பெட்டியிலும் எழுதியிருக்கும். ஒரு காம்புக்குள் மட்டும் மருந்து ஏற்றினாலும் நான்கு காம்பின் பாலையும் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் மருந்து இரத்தத்தோடு மற்றக் காம்புகளுக்கும் போகும். கடைசி ஊசியின் திகதியைக் கொட்டில் தூணில் கரியால் எழுதிவிடுங்கள். வீட்டில் யார் கறந்தாலும் தெரியும்.

அந்த நாட்களில் வருமானம் நிற்பது சிறிய விடயமல்ல. என்றாலும் கறப்பதை நிறுத்தாதீர்கள், பால் தேங்கினால் நோய் கூடும். அந்தப் பாலைக் கன்றுக்கும் கொடுக்க வேண்டாம். கன்றின் குடலிலும் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும். கன்றுக்கு வேறு பசுவின் பால் கிடைக்காவிட்டால் என்ன கொடுப்பது என்பதையும் வைத்தியரிடமே கேளுங்கள். ஒதுக்கிய பாலைக் கிணற்றுக்கும் குளத்துக்கும் எட்டத்தில் குழி வெட்டி ஊற்றி மண் போட்டு மூடுங்கள்.