புத்தகத்தை மூடிட்டுச் சொல்லச் சொல்லுங்க



கொழுந்து நிறுக்கிற இடத்தில் நம் அம்மாமார் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தராசு எவ்வளவு காட்டுது, தண்ணிக்கு எத்தனை கிலோ கழிச்சாங்க என்பதெல்லாம் அவர்கள் மனசில் இருக்கும். பிழையாக எழுதினால் அங்கேயே கேட்டுவிடுவார்கள். ஆனால் பிள்ளையின் படிப்பு என்று வந்தால் அந்தக் கணக்கை முழுசாக ஆசிரியரிடம் விட்டுவிடுகிறோம். பிள்ளையும் அப்படியே விட்டுவிடுது.

நம் தோட்டத்துப் பையன் ஒருவன் சாதாரண தரப் பரீட்சை எழுதினான். டியூசனுக்கும் போனான். இரவு பத்து மணிவரை புத்தகம் விரித்தபடியே இருக்கும். கணிதத்தில் தவறிவிட்டான். கொழும்பில் கடை வேலைக்கு அனுப்பப் போவதாக அப்பா சொன்னார். நான் பையனைக் கூப்பிட்டு, "எந்த இடம் விளங்கல்ல?" என்று கேட்டேன். "எல்லாம் தெரியும்னுதான் நினைச்சேன் ஐயா" என்றான். உட்காரவைத்துப் பார்த்தால், பின்னக் கணக்கே சரியாக வரவில்லை. கீழ் வகுப்பில் விட்டுப்போனது. அது அவனுக்கே தெரியாது.

ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் தெரிந்த மாதிரித்தான் இருக்கும். மூடினால்தான் உண்மை வெளிவரும். படித்தது எவ்வளவு சீக்கிரம் மறந்துபோகுது என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் அறிஞர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இலேயே எழுதிவைத்தார்.

ஆகவே "படிச்சியா?" என்று கேட்க வேண்டாம். "படிச்சேன்" என்றுதான் பதில் வரும். "புத்தகத்த மூடிட்டு எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். இதற்கு நீங்கள் படித்திருக்கத் தேவையில்லை. அடுப்படியில் ரொட்டி சுடும்போதே காது கொடுக்கலாம். பிள்ளை தடுமாறினால் ஏசாதீங்க. (ஏசினால் அடுத்த நாள் பொய் சொல்லப் பழகும்.) தடுமாறிய இடத்தை ஒரு கொப்பியில் பிள்ளையே குறிக்கட்டும். புத்தகத்தைத் திறந்து பார்க்கட்டும், அப்படியும் விளங்காவிட்டால் மறுநாள் ஆசிரியரிடம் அதை மட்டும் கேட்கட்டும். இரண்டு மூன்று நாள் கழித்து அதையே மறுபடி கேளுங்கள். விளங்கிய பிறகு பிள்ளையே கோடு போட்டு வெட்டலாம்.

கணிதத்துக்குச் சொல்லிக் காட்டுவது போதாது. செய்து காட்டிய கணக்கை மூடிவைத்து, தானே செய்து, விடையைச் சரிபார்க்க வேண்டும். கடந்தகால வினாத்தாளும் அப்படித்தான்.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரே நாளில் வராது. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அதற்காக வீட்டுவேலையை நீங்களே எழுதிக் கொடுக்கவும் கூடாது. சில வீடுகளில் அம்மாவின் கையெழுத்துக்குத்தான் 'மிக நன்று' கிடைக்குது!

அந்தப் பையனின் அப்பா ஒரு வருசம் தவணை கொடுத்திருக்கிறார். போன வாரம் அவன் கொப்பியைக் காட்டினான். பதினொரு இடம் குறித்திருந்தான். நாலு வெட்டியாச்சு. பின்னக் கணக்கு அந்த நாலில் ஒன்று.